அரேயா, ஹாஷ் டேபிளா, மரமா? தரவுக் கட்டமைப்புகளின் வரவும் செலவும்

ஒரு தேர்வை 10 லட்சம் பேர் எழுதியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவெண், ஒரு பெயர், 600க்கு ஒரு மதிப்பெண். இந்தத் தரவை நிரலுக்குள் எப்படி வைப்பது? இதற்கு யாராலும் நேராகப் பதில் சொல்ல முடியாது. வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டாக வேண்டும்.

பதிவெண்ணைக் கொடுத்தால் மதிப்பெண் வர வேண்டுமா? 550 முதல் 580 வரை எடுத்தவர்கள் எல்லோரும் வேண்டுமா? முதல் 10 பேர் மட்டும் போதுமா? வந்த வரிசையிலேயே ஒவ்வொருவராக எடுத்து வேலையை முடிக்க வேண்டுமா? தரவு ஒன்றுதான், ஆனால் இந்த நான்கு கேள்விகளுக்கும் நான்கு வெவ்வேறு அமைப்புகள் பொருந்தும். பொருந்தாத ஒன்றை எடுத்துவிட்டாலும் விடை சரியாகவே வரும். அதனால்தான் பிழை கண்ணில் படுவதில்லை. 100 பேரை வைத்துச் சோதிக்கும்போது எல்லா அமைப்பும் கண் இமைப்பதற்குள் முடித்துவிடும். 10 லட்சம் பேர் வந்து சேரும் நாளில் நிரல் அசையாமல் நின்றுவிடும்.

எந்தத் தரவுக் கட்டமைப்பும் ஒரு வேலையை மலிவாக்குவதற்காக வேறொரு வேலையின் விலையை ஏற்றிவிடுகிறது. ஆகவே ஒவ்வொன்றிலும் வரவு என்ன, அதற்கான செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்று சேர்த்தே பார்ப்போம்.

செலவை நொடியில் சொன்னால் கணினிக்குக் கணினி மாறும். அதனால் படிக் கணக்கில் சொல்கிறார்கள். உறுப்புகள் பெருகப் பெருகப் படிகள் எந்த வேகத்தில் பெருகுகின்றன என்பதைத்தான் 'பிக் ஓ' குறிக்கிறது. தொடங்குகிறவர்கள் 10 லட்சம் உறுப்புகளுக்கு நான்கு அளவுகளை மனத்தில் இருத்திக்கொண்டால் போதும். எத்தனை உறுப்புகள் இருந்தாலும் படிகள் கூடவில்லை என்றால் அது நிலையான நேரம். ஒவ்வொரு படியிலும் மீதி பாதியாகக் குறைந்தால் லாக் நேரம், ஏறத்தாழ 20 படி. ஒவ்வொன்றையும் ஒருமுறை தொட வேண்டுமானால் நேரியல் நேரம், 10 லட்சம் படி. ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் இருபடி நேரம், 1 லட்சம் கோடி படி. நொடிக்கு 10 கோடி எளிய படிகள் என்று தோராயமாகக் கொள்ளுங்கள். நேரியல் வேலை நூறில் ஒரு பங்கு நொடியில் முடியும், இருபடி வேலைக்கு 2 மணி 46 நிமிடம் ஆகும்.

அரே: முகவரியைக் கணக்குப் போட்டே எடுப்பது

பாடநூல்கள் 'அணி' என்று சொல்லும் அரேயில், உறுப்புகள் நினைவகத்தில் இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும். எல்லா உறுப்புக்கும் ஒரே அளவு இடம். அரே 5000 என்ற முகவரியில் தொடங்குகிறது, ஒவ்வொரு எண்ணும் 4 பைட் என்றால், 7231 என்ற இடத்தில் இருப்பதை எடுக்க 5000 + 7231 × 4 = 33,924 என்று ஒரே கணக்கு. நடுவில் இருக்கும் எதையும் தொட வேண்டியதில்லை. எண்ணிக்கை 0 இலிருந்து தொடங்குவதற்கும் இதுதான் காரணம்: அந்த எண், தொடக்கத்திலிருந்து எத்தனை உறுப்பு தள்ளி இருக்கிறது என்பதன் அளவு.

'ஒரே அளவு இடம்' என்ற நிபந்தனையைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். பெயர்களை யுடிஎஃப்-8 முறையில் வைத்தால் 'தமிழ்' என்பது 3 எழுத்து, 5 யூனிகோட் குறி, 15 பைட். 'மீனாட்சி'க்கு 8 குறி, 24 பைட். அளவு ஒத்துவராதபோது முகவரிக் கணக்கு உடைந்துபோகும். அதனால் பெயர்களை வேறெங்கோ வைத்துவிட்டு, அவை இருக்கும் முகவரிகளை மட்டும் அரேயில் அடுக்குகிறார்கள். 64 பிட் கணினியில் முகவரி ஒன்றுக்கு 8 பைட், எல்லாம் ஒரே அளவு. பைத்தானின் லிஸ்ட் உள்ளே இப்படிப்பட்ட முகவரி அரேதான்.

அரேயின் இன்னொரு வரவு பிக் ஓ கணக்கில் தெரியாது. செயலி நினைவகத்திலிருந்து ஒரே ஒரு எண்ணைக் கேட்டாலும், பெரும்பாலான கணினிகளில் 64 பைட் சேர்ந்தே அதன் கேஷுக்கு (செயலிக்குள்ளேயே இருக்கும் சிறிய, வேகமான நினைவகத்துக்கு) வந்துவிடும். 4 பைட் எண்கள் என்றால் ஒன்றைக் கேட்டதற்கு 16 கிடைக்கிறது. முதலிலிருந்து கடைசிவரை நடக்கும் வேலையில் இதற்கு ஈடாக வேறு எந்த அமைப்பும் நிற்காது.

செலவு, நடுவில் நுழைக்கும்போது தெரியும். 10 லட்சம் உறுப்புகள் உள்ள லிஸ்டின் தொடக்கத்தில் ஒன்றைச் செருகினால், மற்ற 10 லட்சமும் ஒவ்வோர் இடம் நகர வேண்டும். 8 பைட் வீதம் 80 லட்சம் பைட் இடம் மாறுகிறது, ஒரே ஒரு செருகலுக்காக. கடைசியில் சேர்ப்பதில் இந்தத் தொல்லை இல்லை.

ஆனால் கடைசியில் இடம் தீர்ந்துபோனால்? புதிதாகப் பெரிய இடம் வாங்கி, எல்லாவற்றையும் அங்கே நகலெடுத்து, பழையதை விட்டுவிட வேண்டும். எவ்வளவு பெரிதாக வாங்குவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் 10 இடம் மட்டும் கூட்டினால், 10 லட்சம் உறுப்புகளைச் சேர்ப்பதற்குள் 1 லட்சம் முறை இடம் மாற வேண்டும், மொத்தம் சுமார் 5,000 கோடி நகல்கள். ஒவ்வொரு முறையும் இருமடங்கு ஆக்கினால் 20 முறைதான் இடம் மாறும், மொத்த நகல் சுமார் 10.5 லட்சம். உறுப்புக்கு ஒரு நகல் என்ற கணக்குதான். ஜாவாவின் அரேலிஸ்ட் ஒன்றரை மடங்காகவும், பைத்தான் லிஸ்ட் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு கூடுதலாகவும் வளர்கின்றன. அளவு எதுவானாலும் விகிதத்தில் வளர வேண்டும் என்பதே விதி. சராசரியில் மலிவு என்றாலும், இடம் மாறும் அந்த ஒரு தருணம் மட்டும் நீளும். ஒலி, விளையாட்டு, இயந்திரக் கட்டுப்பாடு போன்ற, தாமதம் பொறுக்காத நிரல்களில் தேவையான இடத்தை முன்கூட்டியே ஒதுக்கிவிடுவது நல்லது.

அரேயை வரிசைப்படுத்தி வைத்தால் இருபாதித் தேடல் கிடைக்கிறது. நடுவில் பார், சிறியதா பெரியதா என்று கேள், ஒரு பாதியைத் தள்ளு. 10 லட்சத்தில் 20 ஒப்பீட்டில் ஆள் அகப்படும். ஒருமுறை ஏற்றிவிட்டுப் படிக்க மட்டும் செய்யும் தரவுக்கு இது அருமையான ஏற்பாடு, இதற்குரிய மதிப்பைப் பலர் கொடுப்பதில்லை. இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. வரிசைப்படுத்தாத அரேயில் இந்தத் தேடலை ஓட்டினால் பிழைச் செய்தி எதுவும் வராது, இருக்கும் ஆளையே 'இல்லை' என்று சொல்லிவிடும். அடுத்து, புதிய உறுப்பு நுழைய வேண்டிய இடத்தை 20 படியில் கண்டுபிடித்தாலும், அங்கே இடம் பண்ண மற்றவற்றை நகர்த்தும் செலவு அப்படியேதான் இருக்கும்.

லிங்க்ட் லிஸ்ட்: பாடநூலில் கிடைக்கும் புகழ்

லிங்க்ட் லிஸ்டில் ஒவ்வோர் உறுப்பும் ஒரு கணு. கணுவுக்குள் மதிப்பும், அடுத்த கணுவின் முகவரியும் இருக்கும். கணுக்கள் நினைவகத்தில் எங்கே வேண்டுமானாலும் சிதறிக் கிடக்கலாம். நடுவில் ஒன்றைச் செருக இரண்டு முகவரிகளை மாற்றினால் போதும், யாரும் நகர வேண்டியதில்லை. 'செருகுவதற்கு நிலையான நேரம்' என்று பாடநூல் சொல்வது உண்மைதான். ஆனால் அந்த நடுவுக்குப் போய்ச் சேர வேண்டுமே! 5,00,000ஆவது இடத்துக்குப் போக முதல் கணுவிலிருந்து அத்தனை கணுக்களையும் நடந்தே கடக்க வேண்டும். முகவரிக் கணக்கு இங்கே கிடையாது.

நினைவகச் செலவும் சிறியதல்ல. 4 பைட் எண்கள் 10 லட்சம் இருந்தால் அரேக்கு 40 லட்சம் பைட் போதும். அதையே சி மொழியில் லிங்க்ட் லிஸ்டாக வைத்தால், எண்ணுக்கு 4, முகவரி ஒழுங்குக்காக வெறுமனே விடப்படும் 4, அடுத்த கணுவின் முகவரிக்கு 8, ஆக 16 பைட். 64 பிட் லினக்ஸில், நினைவகத்தை ஒதுக்கித் தரும் வழக்கமான செயல்பாடான மாலக், எவ்வளவு சிறியதாகக் கேட்டாலும் குறைந்தது 32 பைட் ஒதுக்கும். மொத்தம் 320 லட்சம் பைட், எட்டு மடங்கு. அதோடு கணுக்கள் சிதறிக் கிடப்பதால், 64 பைட்டைச் சேர்த்து எடுத்துவரும் கேஷின் உதவியும் பெருமளவு வீணாகிறது.

செருகும்போது நேரும் பிழை ஒன்றைக் கிட்டத்தில் பார்ப்போம். 'முந்தைய' கணுவுக்குப் பின்னால் 'புதிய' கணுவைச் சேர்க்க வேண்டும். முதலில் புதியதன் 'அடுத்தது' என்ற இடத்தில் முந்தையதன் 'அடுத்தது' எழுதப்பட வேண்டும். அதன் பிறகே முந்தையதன் 'அடுத்தது' புதியதாக மாற வேண்டும். இந்த இரண்டு வரிகளும் இடம் மாறினால் என்ன ஆகும்? முந்தையது புதியதைக் காட்டும், புதியது தன்னையே காட்டிக்கொள்ளும். மீதிப் பட்டியல் கைவிட்டுப் போய்விடும், பட்டியலை நடந்து பார்க்கும் லூப் முடிவே இல்லாமல் சுற்றும். நிரல் தொங்கி நின்றால் முதலில் சோதிக்க வேண்டிய இடம் இது.

லிங்க்ட் லிஸ்ட் வெல்லும் இடம் ஒன்று உண்டு: மாற்ற வேண்டிய கணுவின் முகவரி ஏற்கெனவே கையில் இருக்கும்போது. அந்த நிலை இல்லாவிட்டால் அரேயையே எடுங்கள். தொடங்குகிறவர்கள் 'நடுவில் அடிக்கடி செருகுவேன், அதனால் லிங்க்ட் லிஸ்ட்' என்று முடிவெடுப்பதை அடிக்கடி பார்க்கலாம். நடுவைத் தேடும் செலவைச் சேர்த்துப் பார்த்தால் அந்தக் கணக்கு பெரும்பாலும் தோற்றுவிடும்.

ஸ்டாக், கியூ

இவை இரண்டும் சேமிப்பு முறைகள் என்பதைவிட ஒழுங்கு விதிகள் என்பதே பொருத்தம். ஸ்டாக்கில் கடைசியாக வைத்தது முதலில் வெளியே வரும். எழுதுசெயலியின் 'அன்டூ', அடைப்புக்குறிகள் சரியாக மூடப்பட்டிருக்கின்றனவா என்ற சோதனை எல்லாம் இதில்தான் நடக்கின்றன. அரேயின் கடைசிப் பக்கத்தில் சேர்த்து, கடைசிப் பக்கத்திலேயே எடுத்தால் ஸ்டாக் தயார்.

கியூவில் முதலில் வந்தது முதலில் போகும். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். பைத்தான் லிஸ்டின் கடைசியில் சேர்த்து, 'பாப்(0)' போட்டுத் தொடக்கத்தில் எடுப்பது பார்வைக்குச் சரிதான். ஆனால் ஒவ்வொரு எடுப்புக்கும் மீதி எல்லாம் ஓர் இடம் முன்னால் நகர்கிறது. 10 லட்சம் பேரை இப்படி எடுத்து முடிப்பதற்குள் மொத்த நகர்வு 50,000 கோடி. அதற்குப் பதில் 'டெக்' என்ற அமைப்பைப் பயன்படுத்துங்கள். அது 64 உறுப்புகள் கொண்ட சிறு அரேக்களைச் சங்கிலியாகக் கோத்தது, இரண்டு முனையிலும் நிலையான நேரம். நடுவில் உள்ளதை எண் சொல்லி எடுப்பது மட்டும் அதில் மெதுவாகும்.

கியூவை நாமே வட்ட அரேயாக எழுதினால் தலையும் வாலும் ஒரே இடத்தைக் காட்டும் நிலை இரண்டு முறை வரும்: முழுக்கக் காலியாக இருக்கும்போதும், முழுக்க நிரம்பியிருக்கும்போதும். எண்ணிக்கையைத் தனியாக எழுதி வையுங்கள், அல்லது ஓர் அறையை எப்போதும் காலியாக விடுங்கள்.

ஹாஷ் டேபிள்: சாவியே முகவரியைச் சொல்லும்

பதிவெண்ணைக் கொடுத்தால் மதிப்பெண் வேண்டும் என்ற கேள்விக்கு இதுதான் விடை. பைத்தானின் டிக்ஷனரியும் செட்டும், ஜாவாவின் ஹாஷ்மேப்பும் இந்த வகை. ஐபிஎம் நிறுவனத்தில் ஹான்ஸ் பீட்டர் லூன் 1953இல் எழுதிய ஓர் உள் குறிப்பில் இந்த யோசனை முதலில் வெளிப்பட்டது என்பார்கள்.

யோசனை எளியது. சாவியை, அதாவது எதைக் கொடுத்துத் தேடுகிறோமோ அதை (இங்கே பதிவெண்ணை), ஒரு கணக்குக்குள் செலுத்தி ஓர் எண்ணை வரவழைத்து, அந்த எண்ணுள்ள அறையில் மதிப்பை வைத்துவிடுவது. 8 அறைகள் இருக்கின்றன, பதிவெண்ணை 8ஆல் வகுத்த மீதியே அறை எண் என்று கொள்வோம். 41027ஐ வகுத்தால் மீதி 3. மூன்றாம் அறையில் வைத்தாயிற்று. அடுத்து 41035 வருகிறது. அதற்கும் மீதி 3. இதுதான் மோதல்.

மோதல் அபூர்வம் என்று நினைக்க வேண்டாம். 10 லட்சம் அறைகளில் சாவிகளைத் தாறுமாறாகப் போட்டால், சுமார் 1,200 சாவிகள் வருவதற்குள்ளேயே எங்காவது ஒரு மோதல் நடக்கும் வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடும். 23 பேர் கூடிய அறையில் இருவருக்கு ஒரே பிறந்தநாள் வர பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு என்ற கணக்கேதான் இது. ஆகவே மோதலைச் சமாளிக்கும் முறை ஹாஷ் டேபிளின் உயிர்நாடி.

ஒரு முறை, அறைக்குள் ஒரு சிறு பட்டியலைத் தொங்கவிடுவது: மூன்றாம் அறையில் 41027, அதன் பின்னால் 41035. இன்னொரு முறை, அறை நிரம்பியிருந்தால் அடுத்த காலி அறைக்குப் போவது: 41035 நான்காம் அறைக்குப் போகும். இரண்டாவது முறையில் அழிக்கும்போது கவனம் வேண்டும். 41027ஐ நீக்கி மூன்றாம் அறையை வெறுமையாக்கிவிட்டீர்கள் என்று வையுங்கள். பிறகு 41035ஐத் தேடினால், கணக்கு மூன்றாம் அறையைக் காட்டும். அங்கே ஒன்றும் இல்லை. தேடல் அங்கேயே நின்று 'அப்படி ஒருவர் இல்லை' என்று சொல்லிவிடும். நான்காம் அறையில் அவர் பத்திரமாக இருக்கிறார்! அதனால் நீக்கிய அறையில் 'இங்கே ஒருவர் இருந்தார், தேடலை நிறுத்தாதே' என்று ஓர் அடையாளம் வைக்கிறார்கள்.

அறைகள் நெருக்கமாக நிரம்பினால் மோதல் பெருகும். ஜாவாவின் ஹாஷ்மேப் 16 அறைகளோடு தொடங்குகிறது, முக்கால் பங்கு நிரம்பியதும், அதாவது 13ஆவது சாவி வரும்போது, 32 அறையாக மாறுகிறது. பைத்தான் மூன்றில் இரண்டு பங்கில் பெரிதாகிறது. அறை எண்ணிக்கை மாறினால் வகுத்த மீதியும் மாறும் என்பதால் எல்லாச் சாவிக்கும் புது அறை பார்க்க வேண்டியிருக்கும். கால் பங்குக்குக் குறையாமல் அறைகள் சும்மா கிடப்பதும், அவ்வப்போது நேரும் இந்த மறு அடுக்கலும்தான் வேகத்துக்கு நாம் கொடுக்கும் விலை.

கணக்கு மோசமாக இருந்தால் எல்லாமே பாழ். 10 அறைகள் வைத்து, எல்லாப் பதிவெண்ணும் 0இல் முடிந்தால் அத்தனையும் ஒரே அறையில் விழும். ஹாஷ் டேபிள் லிங்க்ட் லிஸ்டாகிவிடும். இதை வேண்டுமென்றே செய்தும் தாக்கலாம். ஒரே அறையில் விழும் சாவிகளைத் தேடிப்பிடித்து அனுப்பினால் இணையச் சேவையகங்கள் முடங்கிப்போகும் என்று 2011 டிசம்பரில் ஜெர்மனியில் நடந்த ஒரு மாநாட்டில் ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள். அதற்குப் பிறகு பைத்தான் 3.3 முதல், எழுத்துச் சரங்களுக்கான ஹாஷ் கணக்கு ஒவ்வோர் ஓட்டத்திலும் வேறு எண்ணோடு தொடங்குகிறது. ஜாவா 8இல் ஓர் அறையில் கூட்டம் சேர்ந்தால் அந்த அறையின் பட்டியல் மரமாக மாறிவிடும்.

தமிழ்ப் பெயர்களைச் சாவியாக வைப்பவர்கள் இன்னொன்றைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். 'கொற்றவை' என்ற சொல்லின் முதல் எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: 'க' என்ற குறியோடு ஒகரக் குறி ஒன்றே சேர்ந்து இரண்டு குறிகளாக, அல்லது 'க'வோடு ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாகச் சேர்ந்து மூன்று குறிகளாக. திரையில் இரண்டும் ஒன்றேபோலத் தெரியும். ஹாஷ் கணக்குக்கு இரண்டும் வேறு வேறு சாவி. ஒரு விசைப்பலகையில் தட்டிச் சேமித்த பெயரை வேறொன்றில் தட்டித் தேடும்போது கிடைக்காமல் போவதற்கு இது ஒரு காரணம். உள்ளே வைக்கும்போதும், தேடும்போதும், பெயரை என்எஃப்சி என்ற யூனிகோட் சீர்வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். பைத்தானில் 'யூனிகோட்டேட்டா' தொகுதியின் 'நார்மலைஸ்' செயல்பாடு ஒரே வரியில் இதைச் செய்யும்.

சாவி மாறக்கூடாது என்பதும் இதே காரணத்தால்தான். உள்ளே வைத்த பிறகு சாவியின் உள்ளடக்கம் மாறினால் கணக்கு வேறு அறையைக் காட்டும். பைத்தான் இந்த ஆபத்தை முன்பே தடுத்து, லிஸ்டைச் சாவியாக வைக்கவே விடாது. ஜாவாவில் நீங்கள் எழுதிய வகுப்பு என்றால் அந்தப் பொறுப்பு உங்களுடையது.

ஹாஷ் டேபிளுக்குத் தெரியாதது, வரிசை. '550 முதல் 580 வரை' என்று கேட்டால் எல்லா அறையையும் புரட்ட வேண்டும். பைத்தான் டிக்ஷனரி 3.7 முதல் வரிசையைக் காக்கிறதே என்று கேட்கலாம். அது சேர்த்த வரிசை, சிறியது பெரியது என்ற வரிசை அன்று.

இந்த அமைப்பால் உடனே தீரும் பிழை ஒன்று உண்டு. 1 லட்சம் பெயர்கள் கொண்ட ஒரு லிஸ்ட், அவற்றில் ஒவ்வொன்றும் இன்னொரு 1 லட்சம் பெயர் லிஸ்டில் இருக்கிறதா என்று லூப்புக்குள் சோதனை. பார்க்க ஒரே வரி. உள்ளே நடப்பது 1,000 கோடி ஒப்பீடுகள் வரை. இரண்டாவது லிஸ்டை லூப்புக்கு வெளியே ஒருமுறை செட்டாக மாற்றிவிட்டால் 1 லட்சம் சோதனைகளில் முடியும். அந்த மாற்றத்தை லூப்புக்குள்ளேயே எழுதினால் ஒவ்வொரு சுற்றிலும் செட் புதிதாகக் கட்டப்படும், பழைய நிலையைவிட மோசமாகும்.

மரம்: வரிசையும் வேண்டும், மாற்றமும் வேண்டும் என்றால்

இருபாதித் தேடலின் வேகத்தோடு புதியவர்களையும் எளிதில் சேர்க்க வேண்டுமானால் தேடல் மரம். ஒவ்வொரு கணுவுக்கும் இடப்பக்கம் சிறியவை, வலப்பக்கம் பெரியவை. 550ஐ 20 படியளவில் கண்டுபிடித்து, அங்கிருந்து 580 வரை வரிசையாக நடக்கலாம்.

ஆனால் பதிவெண்கள் ஏறுவரிசையில் வந்தால்? ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பெரியது, எல்லாம் வலப்பக்கமே தொங்கும். 10 லட்சம் ஆழமுள்ள ஒற்றைச் சங்கிலி. அதைத் தன்னையே அழைக்கும் செயல்பாட்டால் நடந்து பார்க்க முயன்றால், பைத்தானின் வழக்கமான வரம்பான 1,000 அழைப்புகளில் நிரல் விழும். இதைத் தடுக்கத்தான் தன்னைத்தானே சமன்செய்துகொள்ளும் மரங்கள் வந்தன. சோவியத் கணிதவியலாளர்கள் அடெல்சன்-வெல்ஸ்கியும் லாண்டிஸும் 1962இல் கொடுத்த ஏவிஎல் மரம் முதலாவது. 10 லட்சம் உறுப்புகளுக்கு அதன் உயரம் 29க்குள் அடங்கும். ஜாவாவின் ட்ரீமேப்பும், சி++இன் மேப்பும் சிவப்பு-கறுப்பு மரங்கள். அங்கே உயரம் 40ஐத் தாண்டாது. சாவியும் மதிப்பும் தலா 4 பைட் என்றால்கூட, 64 பிட் லினக்ஸில் சி++ மேப்பின் ஒரு கணுவுக்கு 48 பைட் போகிறது.

நம் மதிப்பெண் கணக்கில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். மதிப்பெண்ணைச் சாவியாக வைத்தால், அதே மதிப்பெண் எடுத்த அடுத்தவர் முந்தையவரை அழித்துவிட்டு உட்காருவார். 10 லட்சம் பேரில் மிஞ்சுவது அதிகபட்சம் 601 பேர். மதிப்பெண்ணையும் பதிவெண்ணையும் சேர்த்து இணைச் சாவியாக வைக்க வேண்டும். இரண்டாவது, இங்கே மரமே தேவையில்லை. மதிப்பெண் 0 முதல் 600 வரையுள்ள முழு எண். 601 அறைகள் கொண்ட அரே, ஒவ்வோர் அறையிலும் அந்த மதிப்பெண் எடுத்தவர்களின் பட்டியல், அவ்வளவுதான். 550 முதல் 580 வரை 31 அறைகளைத் திறந்தால் விடை. சாவிகளின் எல்லை சிறியது என்று தெரிந்தால் அந்தச் செய்தியை வீணாக்காதீர்கள். நேரம், பெயர், பணத்தொகை போல எல்லை பரந்த சாவிகளுக்குத்தான் மரம்.

பெயரைச் சாவியாக வைத்த மரத்தில் வரிசை நாம் எதிர்பார்ப்பதுபோல வராது. யூனிகோட் எண்களின்படி 'ந'வுக்கு அடுத்து 'ன', 'ர'வுக்கு அடுத்து 'ற'. அகரவரிசையில் 'ற', 'ன' இரண்டும் கடைசியில். ஆகவே நம் தேடல் மரம் 'மரம், மறம், மலர்' என்று அடுக்கும். அகராதியோ மரம், மலர், மறம் என்று அடுக்கும். தமிழ் வரிசை தெரிந்த ஒப்பீட்டு முறையை மரத்துக்கு நாம்தான் கொடுக்க வேண்டும்.

தரவு வட்டில் இருந்தால் கணக்கு மாறுகிறது. அங்கே ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு வட்டு வாசிப்பு என்றால் 20 வாசிப்புகள் மிக அதிகம். போயிங் நிறுவன ஆய்வுக்கூடத்தில் பேயரும் மெக்ரெய்ட்டும் உருவாக்கிய பி-மரம், ஒரு கணுவில் நூற்றுக்கணக்கான சாவிகளை வைக்கிறது. கணுவுக்கு 500 கிளை என்று கொண்டால் மூன்றே மட்டத்தில் 12.5 கோடி. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபி 16 கிலோபைட் பக்கங்களில் இப்படித்தான் இண்டெக்ஸ் எனப்படும் தேடல் குறியீடுகளை வைத்திருக்கிறது.

ஹீப்: உச்சியில் இருப்பவர் மட்டும் போதும் என்றால்

10 லட்சம் பேரில் முதல் 10 பேரை எடுக்க எல்லோரையும் வரிசைப்படுத்த வேண்டியதில்லை. ஹீப் என்பது ஒரே ஒரு வாக்குறுதியைக் காப்பாற்றும் மரம்: எந்தக் கணுவும் தன் பிள்ளைகளைவிட, அதாவது தனக்கு நேர் கீழே உள்ள கணுக்களைவிட, பெரிதாக இருக்காது. அதனால் மிகச் சிறியது எப்போதும் உச்சியில் இருக்கும். ஜே. டபிள்யூ. ஜே. வில்லியம்ஸ் 1964இல் இதைத் தந்தார். முகவரிகளே வேண்டாம், அரே போதும். ஓர் இடத்தின் எண்ணை இரட்டித்து 1ஐயும் 2ஐயும் கூட்டினால் அதன் இரு பிள்ளைகளின் இடம்.

எளிமைக்காக முதல் 7 பேர் என்று வைத்து ஒரு சுற்றுப் பார்ப்போம். ஹீப்பில் இப்போது 571, 574, 572, 590, 580, 575, 599. புதிதாக 585 வருகிறது. உச்சியில் உள்ள 571தான் உள்ளே இருப்பவர்களில் கடைசி ஆள். 585 அதைவிடப் பெரியது, ஆகவே 571ஐ வெளியேற்றி உச்சியில் 585ஐ வைக்கிறோம். அதன் பிள்ளைகள் 574, 572. சிறியதான 572 மேலே ஏறுகிறது, 585 இறங்குகிறது. இப்போது அதன் பிள்ளைகள் 575, 599. 575 ஏறுகிறது. முடிவு: 572, 574, 575, 590, 580, 585, 599. இரண்டே இடமாற்றம். 571ஐவிடக் குறைந்த மதிப்பெண் வந்திருந்தால் ஓர் ஒப்பீட்டோடு தள்ளிவிடலாம், பெரும்பாலானவர்கள் அப்படித்தான் போவார்கள்.

பெரியவர்களைத் தேட சிறியதை உச்சியில் வைக்கும் ஹீப்பை எடுப்பது முதலில் குழப்பும். வெளியேற்ற வேண்டியவர் யார் என்பதுதான் ஒவ்வொரு முறையும் எழும் கேள்வி, அதனால் அவரே கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பைத்தானில் மதிப்பெண்ணோடு விவர டிக்ஷனரியைச் சேர்த்து ஹீப்பில் போட்டால், இருவர் மதிப்பெண் சமமாகும்போது அடுத்ததாக டிக்ஷனரிகளை ஒப்பிடப்போய்ப் பிழை வரும். இடையில் பதிவெண்ணை வையுங்கள், அது யாருக்கும் சமமாகாது. ஹீப்பில் குறிப்பிட்ட ஒருவரைத் தேட வேண்டுமென்றால் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். அரேயை அப்படியே அச்சிட்டால் வரிசையாகவும் இருக்காது, மேலே கண்ட விடையிலேயே 590க்குப் பின் 580 நிற்கிறது.

இரண்டைச் சேர்த்துக் கட்டுவது

உண்மையான நிரல்களில் ஒரே அமைப்பு எல்லாக் கேள்விக்கும் போதாமல் போவது சகஜம். தேர்வு முடிவு வெளியான அன்று, கடைசியாகக் கேட்கப்பட்ட 10,000 பதிவெண்களின் விவரத்தை மட்டும் நினைவகத்தில் வைத்திருக்க வேண்டும், இடம் தீர்ந்தால் நெடுநேரம் யாரும் கேட்காததை நீக்க வேண்டும் என்று கொள்வோம். ஹாஷ் டேபிள் பதிவெண்ணைக் கண்டுபிடித்துவிடும், ஆனால் எது பழையது என்று அதற்குத் தெரியாது. லிங்க்ட் லிஸ்டுக்குப் பழையது தெரியும், தேடத் தெரியாது. இரண்டையும் சேர்த்தால், ஹாஷ் டேபிளில் பதிவெண்ணுக்கு எதிரே கணுவின் முகவரி இருக்கும். முன்னும் பின்னும் முகவரி உள்ள இரட்டைச் சங்கிலியில் அந்தக் கணுவைக் கழற்றித் தொடக்கத்துக்குக் கொண்டுவருவது நிலையான நேரத்தில் முடியும். லிங்க்ட் லிஸ்டின் வரவு முழுமையாகக் கைக்கு வரும் இடம் இதுதான், ஏனென்றால் கணுவின் முகவரி ஏற்கெனவே கையில் இருக்கிறது.

இதை முதன்முறை எழுதுகிறவர்கள் கணுவில் மதிப்பெண்ணை மட்டும் வைத்துவிடுகிறார்கள். இடம் தீர்ந்து வாலில் உள்ள கணுவைக் கழற்றும்போது, ஹாஷ் டேபிளிலும் அதன் பதிவை நீக்க வேண்டும். எந்தப் பதிவெண்ணை நீக்குவது என்று கணுவுக்குத் தெரியாது. நீக்காமல் விட்டால் சங்கிலி 10,000இல் நிற்கும், ஹாஷ் டேபிள் மட்டும் நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே போய் நினைவகத்தை நிரப்பும். கணுவுக்குள் மதிப்பெண்ணோடு பதிவெண்ணையும் எழுதி வையுங்கள். ஒவ்வொரு நீக்கத்துக்குப் பிறகும் இரண்டின் எண்ணிக்கையும் சமமாக இருக்கிறதா என்று சோதனை நிரலில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.